புதுப்பிப்பு: பெல் கிராண்டில் மிஞ்சும் பணம், 14 நாள் கணக்கில் ஒரு திருத்தம்

அமெரிக்கக் கல்லூரிகளில் கட்டணம் போக மிஞ்சும் பெல் கிராண்ட் (வசதி குறைந்த மாணவருக்கு அந்நாட்டு அரசு தரும் கல்வி உதவித்தொகை) பணம் மாணவருக்கே சேரும், 14 நாளில் தர வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். "இன்னும் வரவில்லையே" என்று பலர் கேட்டதால் இந்தத் திருத்தம்.

அந்த 14 நாள் உதவித்தொகைக் கடிதம் வந்த தேதியிலிருந்து அல்ல. கல்லூரியில் உங்கள் பெயரிலுள்ள கணக்கில், கட்டணம் போக மீதி விழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வகுப்பு தொடங்குமுன்பே விழுந்திருந்தால், வகுப்பின் முதல் நாளிலிருந்து. உங்கள் கணக்கு அறிக்கையில் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு மாணவர் கணக்குப் பிரிவைக் கேளுங்கள்.

வங்கிக்கே நேரடியாக வரும்படி பதிந்துவிடுவது நல்லது. காசோலை பழைய முகவரிக்குப் போய் மாற்றப்படாமலே கிடந்தால், அனுப்பிய 240 நாளுக்குள் கல்லூரி அதைக் கல்வித்துறைக்குத் திருப்பியாக வேண்டும்.

மிஞ்சியதை வாடகைக்கோ சாப்பாட்டுக்கோ செலவழிக்கத் தடையில்லை. ஆனால் அந்தப் பகுதி வரிக்குரிய வருமானம். கல்விக் கட்டணமும் பாடத்துக்குக் கட்டாயமான புத்தகங்களும் அப்படியல்ல. ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: பருவத்தில் 60 சதவீதம் கடக்குமுன் எல்லா வகுப்புகளையும் விட்டு விலகினால், கையில் வாங்கிய பணத்திலும் ஒரு பங்கைத் திருப்பித் தர நேரலாம். விலகும் படிவத்தில் கையெழுத்திடுமுன் எவ்வளவு திரும்பக் கட்ட வேண்டும் என்று நிதி உதவி அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்.