33 வயதில் தாதியர் பட்டம்: கொழும்பா, கண்டியா, வேறு வழி உண்டா?

கொட்டகலைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். 2011 ஆம் ஆண்டு உயிரியல் பிரிவில் முதல் தடவையாக உயர்தரம் எழுதி மூன்று பாடங்களிலும் சாதாரண சித்தி பெற்றேன்; பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்கு எட்டவில்லை. பின்னர் கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் எட்டு வருடங்கள் உதவித் தாதியாக வேலை செய்து, இரண்டாவது பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டேன். இப்பொழுது எனக்கு 33 வயது. சின்னவன் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிவிட்டதால் மீண்டும் படிக்கத் தீர்மானித்திருக்கிறேன்.

என் கையில் இரண்டு விளக்கக் கையேடுகள் இருக்கின்றன. ஒன்று கொழும்பில் நடக்கும் நான்கு வருட முழுநேரத் தாதியர் பட்டம். மற்றையது கண்டியில்: வார இறுதியில் மாத்திரம் வகுப்பு, இரண்டு வருட டிப்ளோமா, அதன்மேல் ஒரு பிரித்தானியப் பல்கலைக்கழகம் வழங்கும் ஒரு வருட ‘டொப்-அப்’ பட்டம். கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். கொழும்புக் கட்டணத்துக்கு இருக்கும் நகை முழுவதையும் அடகு வைத்தாலும் போதாது. ஆகவே கண்டியையே நினைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் முற்பணம் கட்டினால் கட்டணத்தில் கழிவு தருவதாகச் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

பழைய சிஸ்டர்:

தங்கச்சி, திங்கட்கிழமை முற்பணம் கட்ட வேண்டாம். கழிவுக்கு நாள் குறித்து அவசரப்படுத்தும் இடத்தில் ஆறுதலாகக் கேள்வி கேட்பதே நல்லது.

நான் பதுளைத் தாதியர் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்து அரச சேவையில் இருப்பவள். பட்டத்தைப் பின்னர் திறந்த பல்கலைக்கழகத்தில் படித்தேன். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் பதிவு, பிறகுதான் பட்டம். 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் சபையில் பெயர் பதிந்திருந்தால்தான் ஒருவர் முழுமையான தாதி. பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டிருக்கலாம். அது பட்டத்துக்கான அங்கீகாரம் மட்டுமே. தொழில் செய்வதற்கான அனுமதியைத் தருவது வேறு வாசல். கையேடுகளில் இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் கலந்து எழுதுவார்கள்.

இன்னொன்று: நோயாளியைத் தொடாமல் தாதியாக முடியாது. சனி, ஞாயிறு இரு நாளும் எட்டு மணித்தியாலம் வீதம், வருடத்துக்கு 50 வாரம் என்று கணக்கிட்டால் 800 மணித்தியாலம் வரும். மூன்று வருடத்துக்கும் சேர்த்து 2,400. பிரித்தானியாவிலேயே ஒருவர் தாதியாகப் பதிவு பெற 4,600 மணித்தியாலப் பயிற்சி வேண்டும், அதில் பாதி வைத்தியசாலையிலும் சமூகத்திலும் செய்முறையாக இருக்க வேண்டும் என்பது நியமம். அந்த நாட்டின் பெயரைச் சொல்லி விற்கும் பாடநெறி அந்த அளவில் ஏறத்தாழப் பாதியில் நிற்கிறதே!

நாவலப்பிட்டிக்காரன்:

சிஸ்டர் சொல்வதில் தவறில்லை, ஆனால் அது 20 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய புத்தி. அரச தாதியர் கல்லூரிக்கு வரும் வர்த்தமானி அறிவித்தலில் 28 வயது மேல் எல்லையாக இருந்து வந்திருக்கிறது. இந்தத் தங்கச்சிக்கு அந்தக் கதவு மூடி ஐந்து வருடமாகிவிட்டது. திறந்த பல்கலைக்கழகப் பட்டமோ ஏற்கனவே பதிவு பெற்ற தாதிகளுக்கானது என்பது நீங்கள் சொன்ன ஒழுங்கிலிருந்தே தெரிகிறது. அப்படியானால் ‘முதலில் பதிவு’ என்ற அறிவுரைக்கு அவர் எந்த வீதியால் போக வேண்டும்?

என் மனைவி தோட்டத்துப் பாடசாலையில் படித்தவர். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமலே உயர்தரப் பரீட்சை எழுதினார். திருமணத்துக்குப் பிறகு, இங்கே கேட்டிருப்பதைப் போன்ற ஒரு வார இறுதிப் பாடநெறியில் சேர்ந்தார். கிழமை நாட்களில் வேலை, பிள்ளை, வீடு; சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறிக் கண்டிக்குப் போவார். இன்று பட்டம் கையில் இருக்கிறது, சம்பளமும் கூடியிருக்கிறது. முழுநேரம் படிக்கக்கூடியவர்களுக்கு மட்டும்தான் படிப்பு என்றால், மலையகத்தில் திருமணமான ஒரு பெண்ணும் மீண்டும் புத்தகத்தைத் தொட முடியாது. பணத்துக்கு, எட்டு வருட வேலையில் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி இருக்குமே?

பழைய சிஸ்டர்:

சேமலாப நிதியிலிருந்து 30 வீதத்தை முன்கூட்டி எடுக்கும் வசதி வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் உரியது, படிப்புக்கு அல்ல. அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

வீதி எது என்று கேட்டது நியாயமான கேள்வி. வயதெல்லை அநீதி என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கதவு மூடியிருப்பதால், கதவைப் போல வர்ணம் பூசிய சுவருக்குப் பணம் கட்டச் சொல்வது சரியாகுமா? ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் மனைவி இன்று வார்ட்டில் பதிவு பெற்ற தாதியாக மருந்து கொடுத்துக் கையொப்பமிடுகிறாரா?

பண்டாரவளையான்:

நான் இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்கிறேன். ‘டொப்-அப்’ பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

அந்த ஒரு வருடப் பட்டம் போலியானது அல்ல. ஏற்கனவே டிப்ளோமாவுடன் பதிவு பெற்ற தாதி ஒருவர் தமது கல்வித் தகைமையைப் பட்ட மட்டத்துக்கு உயர்த்திக்கொள்வதற்காக அது உருவாக்கப்பட்டது. அதில் ஆய்வு முறை, தலைமைத்துவம், நெறிமுறை போன்ற பாடங்கள் இருக்கும். நாளத்தில் ஊசி ஏற்றக் கற்றுத்தருவதில்லை. ஆகவே அது இங்கிலாந்தில் பதிவைத் தராது. வெளிநாட்டுத் தாதி ஒருவர் இங்கே விண்ணப்பிக்கும்போது, அவர் தாதியாவதற்குப் பெற்ற அடிப்படைப் பயிற்சி எது, சொந்த நாட்டில் பதிவு பெறத் தகுதி உண்டா என்றுதான் பார்ப்பார்கள். பிறகு ஆங்கிலப் பரீட்சை: ஐஈஎல்டிஎஸ் என்றால் எழுத்தில் 6.5, ஏனையவற்றில் 7. அதன்பின் கணினியில் ஒரு பரீட்சை, கடைசியில் நேரடிச் செய்முறைப் பரீட்சை. இந்த வரிசையில் டொப்-அப் பட்டத்துக்கு இடமே இல்லை. அடித்தளம் போடாமல் மாடி கட்ட அழைக்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

தங்கச்சி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. ‘இது பதிவு பெறுவதற்கான அடிப்படைப் பயிற்சியா, பதிவு பெற்றவர்களுக்கான மேற்படிப்பா?’ பதிலை எழுத்தில் கேளுங்கள்.

இலக்கம் 7 லயம்:

நான் உயிரியல் ஆசிரியர். எல்லோரும் பணம் கட்டும் வழிகளையே பேசுகிறீர்கள். அக்கா, நீங்கள் ஒரே தடவைதான் பரீட்சை எழுதியிருக்கிறீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் உண்டு. பேராதனையில் தாதியர் பட்டம் நான்கு வருடம், கட்டணமில்லை. நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டமாக வகுக்கப்பட்டிருப்பதால், மாவட்டக் கோட்டாவுக்கு மேலதிகமான 5 வீத ஒதுக்கீட்டிலும் நமக்குப் பங்கு இருக்கிறது. பழைய பெறுபேற்றை வைத்து விண்ணப்பிக்க முடியாது. ஆனால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் எழுதலாம்.

நாவலப்பிட்டிக்காரன்:

தம்பி, 2019 இலிருந்து புதிய பாடத்திட்டத்தில்தான் பரீட்சை நடக்கிறது. அக்கா படித்தது பழையது. இரண்டு பிள்ளைகளோடு பௌதிகவியலை முதலிலிருந்து தொடங்கி, பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, அனுமதி கிடைக்க மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு நான்கு வருடம். பட்டமளிப்பு விழாவுக்கு மூத்த பிள்ளை உயர்தர வகுப்பிலிருந்து வருவாள்.

இலக்கம் 7 லயம்:

எப்படியும் அக்காவுக்கு 40 வயது வரத்தான் போகிறது. கையில் எதைப் பிடித்துக்கொண்டு வரும் என்பதுதானே பேச்சு? ஆனாலும் நான் அதை ஒரே வழியாகச் சொல்லவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. எட்டு வருட அனுபவத்தை வீணாக்க வேண்டாம். தேசிய தொழிற் தகைமை முறையில் முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு உண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் வருவது அது. வகுப்புக்குப் போகாமலே, செய்து காட்டி உதவித் தாதி அல்லது பராமரிப்பாளர் மட்டத்துக்குரிய தகைமையைப் பெறலாம். அது உங்களைத் தாதியாக்காது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்; வேலைக்குத் திரும்பவும், சம்பளம் பேசவும் உதவும்.

பழைய சிஸ்டர்:

இந்த ஆசிரியரின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பேராதனை யோசனை நடக்கக்கூடியதா என்பதில் எனக்குச் சந்தேகம், ஆனால் அதைச் சிரித்துத் தள்ளவும் மாட்டேன்.

கொழும்புப் பாடநெறியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது நான்கு வருடம், முழுநேரம் என்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. செய்முறைப் பயிற்சி எந்த வைத்தியசாலைகளில் நடக்கிறது என்று பெயர் பெயராகக் கேளுங்கள். சிறிய தனியார் வைத்தியசாலை ஒன்றில் மட்டும் பயிற்சி என்றால், சத்திரசிகிச்சைக்குப் பின்னான பராமரிப்பை நன்றாகக் கற்கலாம். மனநல வார்ட்டையும், நெரிசலான விபத்துப் பிரிவையும், வீடு வீடாகப் போகும் சமூகத் தாதியத்தையும் எங்கே பார்ப்பது? எத்தனை கட்டில், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், இரவு வேலை உண்டா, இதற்கு முன் வெளியேறிய அணியில் எத்தனை பேர் தாதியர் சபையில் பதிந்திருக்கிறார்கள் என்பனவற்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடத்தை 2017 இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்து வைத்தார். கட்டடம் வந்தது, கட்டில் வந்தது. அப்படிப்பட்ட வார்ட்டுகளில் ‘நெஞ்சு கரிக்குது’ என்று ஓர் அம்மா சொன்னால் அது நெஞ்செரிவா, நெஞ்சுவலியா என்று திருப்பிக் கேட்டுத் தெளிந்துகொள்ளத் தமிழ் தெரிந்த தாதி இரவு நேரத்தில் இருப்பது அரிது. நம் பெண்கள் வெறும் பட்டத்தோடு நின்றுவிடாமல் பதிவு பெற்று வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

நாவலப்பிட்டிக்காரன்:

சிஸ்டர் கேட்ட கேள்விக்கு நேற்றுப் பதில் எழுதாமல் விட்டேன். மனைவியிடம் கேட்டேன். அவர் பதிவு பெறவில்லை. வைத்தியசாலையில் நோயாளர் ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியில் இருக்கிறார், வார்ட்டில் இல்லை. அவரோடு வேலைக்குச் சேர்ந்த, பதிவு பெற்ற தாதிகளுக்குச் சம்பளம் அதிகம். இதை நான் அறியாதவன் அல்ல, ஆனால் அந்தப் படிப்பைக் குறைத்துப் பேசினால் அவருடைய மூன்று வருட உழைப்பைக் குறைத்துப் பேசுவதாக எனக்குப் படுகிறது.

இப்பொழுதும் ஒன்றைச் சொல்வேன். அந்தப் பட்டம் இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளர் வேலையும் இல்லை. படித்ததனால் ஆங்கிலம் வந்தது, வைத்தியரோடு நிமிர்ந்து பேசும் துணிவு வந்தது. இவற்றுக்கு மணித்தியாலக் கணக்கு இல்லை. தாதியாக வேண்டும் என்றால் அந்த வழி போதாது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

பண்டாரவளையான்:

இதற்கு மேல் யாரும் நேர்மையாக எழுத முடியாது, அண்ணன். அந்தப் படிப்பு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதை எந்தப் பெயரில் விற்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை. ‘சுகாதார நிர்வாகத்துக்கான பட்டம்’ என்று சொல்லி விற்றிருந்தால் உங்கள் மனைவி எதைப் பெறப்போகிறார் என்று தெரிந்தே பணம் கட்டியிருப்பார்.

கொட்டகலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். கண்டி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, இது அடிப்படைப் பயிற்சியா மேற்படிப்பா என்று கேட்டேன். ‘சர்வதேச அங்கீகாரம் பெற்றது’ என்றார்கள். மீண்டும் கேட்டேன், மீண்டும் அதே பதில். மூன்றாவது தடவை, தாதியர் சபையில் பதிய முடியுமா என்பதைக் கடிதத்தில் தரும்படி கேட்டபோது, முகாமையாளர் திரும்ப அழைப்பார் என்றார்கள். அழைக்கவில்லை. திங்கட்கிழமையும் போய்விட்டது, கழிவுக்கான நாளை மட்டும் அடுத்த வெள்ளிவரை நீட்டித்திருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது.

கொழும்பு நிறுவனம் பயிற்சி நடக்கும் வைத்தியசாலைகளின் பட்டியலை அனுப்பியது. பதிவு பற்றிய கேள்விக்கு, தாதியர் சபையிடமே நேரில் உறுதிப்படுத்திக்கொள்ளுமாறு எழுதியிருந்தார்கள். அது எனக்கு மரியாதையான பதிலாகவே பட்டது, ஆனால் கட்டணம் அப்படியேதான் இருக்கிறது. தவணை முறையில் வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன்.

இப்போதைக்கு முன்கற்றல் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறேன். நுவரெலியாவில் பகல் வேலை ஒன்று பேசியிருக்கிறேன். பேராதனையை நினைத்து உயிரியல் பாடப் புத்தகத்தையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கி வைத்திருக்கிறேன். தம்பி சிரிக்கக் கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு இறங்கி, இரண்டு கையேடுகளையும் தாதியர் சபை அலுவலகத்தில் நேரில் காட்டிக் கேட்கப்போகிறேன்.

இலக்கம் 7 லயம்:

சிரிக்கவில்லை அக்கா. அது புதிய பாடத்திட்டத்துக்குரியதா என்று மட்டும் அட்டையைப் பாருங்கள். இல்லாவிட்டால் நான் தருகிறேன்.

நாவலப்பிட்டிக்காரன்:

தங்கச்சி, செவ்வாய்க்கிழமை அங்கே போகும்போது எனக்காக ஒரு கேள்வி கேட்க முடியுமா? மனைவியின் டிப்ளோமாவின் பெயரையும் முடித்த வருடத்தையும் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். அதோடு இன்னும் எத்தனை மணித்தியாலப் பயிற்சி சேர்த்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது விண்ணப்பிக்கவே முடியாதா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவருக்கு வயது 36.