மாதவிடாய் நின்றபிறகு அம்மாவுக்கு நோய் கூடிவிட்டது, யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 52 வயது. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்க்குப் பத்து வருடமாக ரிஸ்பெரிடோன் மாத்திரை எடுக்கிறார், கொழுந்து பறிக்கவும் ஒழுங்காகப் போய்வந்தார். போன வருடம் மாதவிடாய் நின்றது. அதிலிருந்து குரல் கேட்பது கூடிவிட்டது. விடியற்காலையில் இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில் நின்று, இறந்துபோன அம்மாயிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கையில் தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும். மாத்திரை ஒருநாளும் தவறியதில்லை, நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது இந்த நோய் கூடலாம் என்று வாசித்தேன். மெல்போர்ன் பேராசிரியர் ஜெயஸ்ரீ குல்கர்னியின் குழு, வழக்கமான மருந்தோடு தினம் 120 மில்லிகிராம் ரலொக்சிஃபீன் (எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும், சில இடங்களில் ஈஸ்ட்ரோஜன் போல் வேலை செய்யும் மாத்திரை) கொடுத்துப் பலன் கண்டதாக 2016இல் எழுதியிருக்கிறது. ஆனால் ருமேனியாவில் நடந்த ஆய்வில் நோய் முற்றிய பெண்களுக்கு அது உதவவில்லை. அந்த மாத்திரையால் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. அம்மாவுக்குக் கால் வீக்கம் வேறு, அதுதான் பயம். கிளினிக்கில் கேட்டேன், "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். மனது ஆறவில்லை.

கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மனநல வைத்தியரும் பெண்நோயியல் வைத்தியரும் சேர்ந்து பார்த்த யாராவது இருக்கிறீர்களா? தமிழில் பேசுபவராக இருந்தால் நல்லது, அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. கிளினிக் கொப்பி கையில் இருக்கிறது, எந்த ஊருக்கும் கூட்டிவருகிறேன்.