ஆர்னால்டு கட்சி மாறியது சீனியாரிட்டிக்காகவா, காசுக்காகவா?

மாடிவீட்டான்:
போன ஞாயிறு அப்பாவோடு உட்கார்ந்து 2003இல் வந்த ‘பெனடிக்ட் ஆர்னால்டு: எ கொஸ்டின் ஆஃப் ஹானர்’ டிவி படம் பார்த்தேன். ஏய்டன் க்வின் ஆர்னால்டு, கெல்சி கிராமர் வாஷிங்டன். அமெரிக்க விடுதலைப் போரில் பெயரெடுத்த தளபதி, வெஸ்ட் பாயிண்ட் கோட்டையைப் பிரிட்டிஷாருக்கு விற்கப் பார்த்த கதை.

அப்பா அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். தன்னைத் தாண்டி இரண்டு ஜூனியர்களுக்குப் பதவி உயர்வு போனதை இன்றும் தேதியோடு சொல்வார். 1777 பிப்ரவரியில் ஆர்னால்டைத் தாண்டி ஐந்து ஜூனியர்களை மேஜர் ஜெனரல் ஆக்கினார்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “அப்புறம் அவன் வேறென்ன செய்வான்?” மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சு. நிஜமாகவே அந்த அவமானம்தான் காரணமா? மனைவி பெக்கிக்கு எல்லாம் தெரியுமா?

பழைய ஃபைல்:
ஐந்து பேர் கதை உண்மை. காரணம்கூட உங்கள் அப்பாவுக்குப் புரியும்: மாநிலக் கோட்டா. ஆர்னால்டின் மாநிலமான கனெக்டிகட்டுக்கு ஏற்கெனவே இரண்டு மேஜர் ஜெனரல்கள் இருந்தார்கள். ரிட்ஜ்ஃபீல்டு சண்டையில் குதிரை சுடப்பட்டு விழுந்தும் சண்டை போட்ட பிறகு, மே மாதம் இவருக்கும் பதவி வந்தது. சீனியாரிட்டி வரவில்லை. அந்த ஐவருக்கும் கீழேதான்.

ஆனால் அப்பாவின் வாதம் இதற்குமேல் நிற்காது. 1777 அக்டோபர் 7, சரட்டோகா போரில் இடது கால் நொறுங்கியது (முன்பு கியூபெக் சண்டையில் குண்டு பட்டதும் அதே கால்). வெற்றியின் பெயர் அங்கே தலைமை தாங்கிய கேட்ஸுக்குப் போனது, சரி. அதற்குப் பிறகு அமெரிக்க காங்கிரஸ் சீனியாரிட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பிரிட்டிஷாருக்கு இவர் தூது விட்டதோ 1779 மே மாதம். நடுவில் பிலடெல்பியாவில் ராணுவ ஆளுநர் பதவி, ஆடம்பரம், கடன், முறைகேட்டுப் புகார்கள். வெஸ்ட் பாயிண்டுக்குப் பேசிய விலை 20,000 பவுண்டு. சதி அம்பலமானதால் கைக்கு வந்தது 6,000 சொச்சம்.

நூலகப் பல்லி:
பெக்கிக்குத் தெரியாமலா? கல்யாணம் ஏப்ரல், தூது மே! அந்தத் தூதைக் கையாண்ட பிரிட்டிஷ் அதிகாரி ஆந்த்ரே அவளுக்கு முன்பே பழக்கம். 1780 செப்டம்பர் 25 அன்று கணவன் வல்ச்சர் என்ற பிரிட்டிஷ் கப்பலுக்கு ஓடியதும், கைக்குழந்தையோடு பித்துப் பிடித்தவள்போல் அவள் அழுத அழுகையை வாஷிங்டனும் அவர் உதவியாளர் ஹாமில்டனும் நம்பிவிட்டார்கள். பிற்பாடு பிரிட்டன் அவளுக்கு வருடம் 500 பவுண்டு ஓய்வூதியம் கொடுத்தது. சும்மாவா கொடுப்பார்கள்? எனக்குப் பாவமாக இருப்பது ஆந்த்ரேதான். காலுறைக்குள் சதிக் காகிதங்களோடு மாட்டி, அக்டோபர் 2 அன்று தூக்கில் போனார்.

ஒற்றைச் செருப்பு:
சரட்டோகாவில் ஆர்னால்டின் அந்தக் காலுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது, 1887இல் வைத்தது. பூட்ஸ் செதுக்கி, ‘மிகச் சிறந்த வீரர்’ என்றெல்லாம் புகழ்ந்திருப்பார்கள். யாருடைய கால் என்று மட்டும் எழுதவில்லை.

மாடிவீட்டான்:
எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே கேள்வி கேட்டார்: “சீனியாரிட்டியை எழுத்தில் கொடுத்தார்களா?”

பழைய ஃபைல்:
ஆமாம் என்று சொல்லுங்கள். 1778 ஜனவரியில் வாஷிங்டனே ஆணையை அனுப்பிவைத்தார். இன்னொன்றும் சொல்லுங்கள்: பிரிட்டிஷ் படையில் இவருக்குக் கொடுத்தது பிரிகேடியர் பதவிதான், ஒரு படி கீழே.

மாடிவீட்டான்:
சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இறங்கியா போனான், மடையன்?” என்றார். சாப்பிடப் போய்விட்டார்.