635 எல்இடி: நடுக் குழிகளில் மட்டும் செல்கள் சாகின்றன, ஏன்? (அவசரம்)

இரவுப்பிளேட்:
வணக்கம். பிடிடி (மருந்தை ஒளியால் தூண்டிச் செல்களைக் கொல்லும் சிகிச்சை) சோதனைக்காக நானே ஒரு எல்இடி பலகை செய்திருக்கிறேன், 635 நானோமீட்டர். செல் வளர்க்கும் 96 குழி பிளேட்டை அதன்மேல் வைத்து ஒளி கொடுத்தால் நடுவில் இருக்கும் செல்கள் மொத்தமாகக் காலி, ஓரத்தில் இருப்பவை ஒன்றும் ஆகாமல் ஜம்மென்று இருக்கின்றன. மருந்து எல்லாவற்றிலும் ஒரே அளவுதான். அடுத்த வாரம் குழுவில் காட்டியாக வேண்டும், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

சாலிடர்புகை:
என்ன மருந்து, எத்தனை மில்லிவாட், பலகைக்கும் பிளேட்டுக்கும் எவ்வளவு இடைவெளி? இதெல்லாம் இல்லாமல் என்ன சொல்வது. ஆனாலும் என் பந்தயம் சூடுதான். எல்இடிக்குப் போகிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகும், பலகை கீழே இருந்தால் அது நேராக மேலே ஏறும். ஹீட் சிங்க், விசிறி இருக்கிறதா?

குழிநண்டு:
ஒளி மட்டும் கொடுத்த கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்கும் குழிகள்) எப்படி இருந்தது? மருந்து மட்டும், இருட்டில் வைத்தது?

இரவுப்பிளேட்:
மருந்து 5-ஏஎல்ஏ, 3 மணி நேரம் ஊறவிட்டேன். ஒளி சதுர செ.மீ.க்கு 10 ஜூல். இடைவெளி 2 செ.மீ. விசிறி இல்லை. கன்ட்ரோல் இரண்டும் நன்றாக இருந்தன, அதனால் சூடு இல்லை என்று நினைக்கிறேன்.

பழையபோட்டான்:
10 ஜூல் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இதை இங்கே எத்தனை தடவை எழுதியாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. சதுர செ.மீ.க்கு 20 மில்லிவாட் என்றால் 500 நொடியில் 10 ஜூல். அந்த 20 எங்கிருந்து வந்தது?

இரவுப்பிளேட்:
எல்இடியின் தரவுத்தாளில் இருந்து கணக்குப் போட்டேன். போனில் லக்ஸ் ஆப் வைத்தும் பார்த்தேன், நடுவிலும் ஓரத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான்.

பழையபோட்டான்:
லக்ஸ்! அது மனிதக் கண்ணுக்கான அளவு தம்பி. 555 நானோமீட்டரில் உச்சம், 635-க்கு வரும்போது கால்வாசிகூட இல்லை. செல்லுக்குக் கண் கிடையாது. தரவுத்தாளில் இருப்பது பெரும்பாலும் 25 டிகிரியில் எடுத்த எண், சிவப்பு எல்இடி சூடேறினால் வெளிச்சமும் குறையும், உச்சமும் சில நானோமீட்டர் நகரும். போட்டோடயோடு பவர் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, அலைநீளத்தை 635-இல் வைத்து, செல் இருக்கும் உயரத்தில் அளந்துவிட்டு வாருங்கள்.

லேசர்மாமா:
எல்இடியைத் தூக்கிப் போட்டுவிட்டு டயோடு லேசர் வாங்குங்கள். எல்இடி 20 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவும், பாதி ஒளி வீண்.

குழிநண்டு:
வீணெல்லாம் இல்லை. 5-ஏஎல்ஏ கொடுத்தால் செல்லுக்குள் உருவாகி ஒளியை உறிஞ்சும் புரோட்டோபார்ஃபிரினுக்கு 635 பக்கம் உள்ள உறிஞ்சு பட்டையும் அகலமானதுதான். லேசர் ஒரு புள்ளி, அதை விரித்துப் பிளேட் முழுக்கச் சமமாக்குவது தனி வேலை. அப்படி மாற்றுவதென்றால் 405 நானோமீட்டர் நீல-ஊதா ஒளிக்குப் போகலாம், உறிஞ்சுவது பல மடங்கு அதிகம், ஒற்றை அடுக்குச் செல்லுக்கு ஆழம் போக வேண்டிய தேவையும் இல்லை.

லேசர்மாமா:
405-இல் மருந்தே இல்லாமலும் செல் அடிவாங்கும். மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் நீல ஒளியில் பெராக்சைடு உண்டாக்கும், தெரியுமா?

குழிநண்டு:
தெரியும், அதனால்தான் ஒளி கொடுக்கும் முன் மீடியத்தை மாற்றி பிபிஎஸ் உப்புக் கரைசல் ஊற்றுகிறோம். நீங்கள் எந்த இழைக்கு வந்தாலும் லேசர்தான் விற்கிறீர்கள்.

சாலிடர்புகை:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவுப்பிளேட், அந்த ஒளி மட்டும் கன்ட்ரோல் எந்தக் குழிகளில் இருந்தது?

இரவுப்பிளேட்:
12-ஆம் வரிசை. கடைசி.

சாலிடர்புகை:
அப்படிப் போடுங்கள்! ஓரம்தான் வெளிச்சமும் குறைவு, சூடும் குறைவு. நடுக் குழிக்கு நாலு பக்க எல்இடியும் சேர்ந்து அடிக்கிறது, ஓரத்துக்கு ஒரு பக்கம்தான். அங்கே கன்ட்ரோலை வைத்தால் அது எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், சூடு இல்லை என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. பலகை பிளேட்டை விடப் பெரிதாக இருக்க வேண்டும், பிளேட்டே கிட்டத்தட்ட 128-க்கு 85 மி.மீ. பலகைக்கும் பிளேட்டுக்கும் இடையில் ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் தாள் ஒன்று, இன்னும் கொஞ்சம் இடைவெளி, விசிறி. மருந்தில்லாத குழிகளை நடுவிலும் கலந்து போடுங்கள், அதில் மெல்லிய தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) ஒன்றை விட்டு வெப்பநிலையும் பாருங்கள்.

குழிநண்டு:
கறுப்புச் சுவர், தெளிந்த அடி உள்ள பிளேட்டும் நல்லது, பக்கத்துக் குழிக்கு ஒளி கசியாது. அப்புறம் 5-ஏஎல்ஏ ஊறும்போது மீடியத்தில் சீரம் (இரத்தத்திலிருந்து எடுக்கும் திரவம்) இருந்ததா? இருந்தால் உண்டான புரோட்டோபார்ஃபிரின் வெளியே கசிந்துவிடும்.

(நான்கு நாள் கழித்து)

இரவுப்பிளேட்:
மீட்டர் கிடைத்தது. நடுவில் 31 மில்லிவாட், மூலையில் 14. நடுக் குழியில் 43 டிகிரி. விசிறி வைத்து இடைவெளியைக் கூட்டிய பிறகு மருந்தில்லாத நடுக் குழிகள் சாகவில்லை. ஓர வரிசைகளை விட்டுவிட்டேன். நன்றி எல்லோருக்கும்.

பழையபோட்டான்:
சீரம் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இடைவெளி கூடினால் மில்லிவாட் குறையும், புதிதாக அளந்து நேரத்தை மாற்றினீர்களா?

புதுவரவு_7:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் மெத்திலீன் ப்ளூ, 660 எல்இடி. இருட்டு கன்ட்ரோலே சாகிறது. புது இழை போடவா, இங்கேயே கேட்கவா?

லேசர்மாமா:
புது இழை போடுங்கள். லேசர் இருக்கிறதா?