மதுரையில் மூன்று தள வீடு: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

வணக்கம். ஒன்றேகால் சென்ட் மனையில், அதாவது சுமார் 544 சதுர அடியில், மேலே மேலே எழுப்பிய வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கீழே கூடமும் சமையலறையும், முதல் மாடியில் இரண்டு படுக்கையறைகள், இரண்டாம் மாடியில் ஓர் அறை. அந்த அறைக்கு மகன் இப்போதே பட்டா போட்டுக்கொண்டான். தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் குடித்தனக்காரர் இல்லை என்பதே என் மனைவிக்குப் பாதி சொர்க்கம்.

என் கவலை படிக்கட்டு. தளத்துக்குப் பத்தடி உயரம், படிக்கு ஏழு அங்குலம் என்று வைத்தால் 17 படி. மொட்டை மாடியில் துணி காயப்போட ஈர வாளியோடு 51 படி ஏற வேண்டும். வீடு பார்க்கப் போன அன்று அம்மா முதல் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பற்றி நின்று, "நல்ல காற்று வருகிறதப்பா" என்றார். அங்கே ஜன்னலே இல்லை.

இத்தகைய வீட்டில் வசிப்பவர்களிடம் கேட்கிறேன். கூடத்தில் ஒரு பகுதியைத் தடுத்து அம்மாவுக்கு அறையாக்கினால் வீடு மூச்சு முட்டுமா? சித்திரை வெயிலில் மேல் அறையில் படுக்க முடிகிறதா? மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதித்தவர்கள் வித்தியாசம் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டி அந்த அறைக்கு நேர் மேலே இருப்பதால் குழாயில் நீர் நூலாக வழிகிறது. தொட்டியை உயர்த்துவதா, அழுத்த மோட்டார் வைப்பதா?

படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்ற பதில் மட்டும் வேண்டாம். அதைத் தரகரே மூன்று முறை சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்.