பன்னீர் திராட்சை: உரத்தை விடுங்கள், கத்தரிக்கோலை எடுங்கள்

"கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது, ஒரு கொத்துகூட இல்லை, என்ன உரம் போடலாம்?" என்று கேட்டிருந்தீர்கள். உரம் இருக்கட்டும், கவாத்து செய்தீர்களா, அதாவது கிளைகளை வெட்டிவிட்டீர்களா?

எங்கள் வீடு மதுரையில். தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து வந்த பன்னீர் திராட்சைப் போத்து (நடுவதற்கு வெட்டிய குச்சி) ஒன்றைக் காம்பவுண்டு ஓரம் நட்டு, மூங்கில் குச்சியில் ஒற்றைத் தண்டாக ஏற்றி, கம்பிப் பந்தலில் படர விட்டோம். அடியில் மட்கிய சாணமும் வேப்பம் புண்ணாக்கும்தான். நிழல் அருமை, பழம்தான் இல்லை.

பொங்கலுக்கு வந்த பெரியப்பா, கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர், அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னடா, கீரையா வளர்க்கிற?" என்றார். பென்சில் கனத்தில் பழுப்பேறி முற்றிய கிளைகளில் நாலைந்து கணு மட்டும் விட்டு மீதியை வெட்டித் தள்ளினார். இருந்த இலைகளையும் உருவிவிட்டார். வெட்டிய முனைகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்ததும், கொடி செத்தே போச்சு என்று அம்மா புலம்ப ஆரம்பித்துவிட்டார். வேர் மேலே தள்ளுகிற நீர்தான் அது, தானாக நின்றுவிடும். புதுத் துளிர் நாலைந்து இலை விட்டதுமே, இலைக்கு எதிர்ப்பக்கம் பச்சைக் கடுகை ஒட்டவைத்ததுபோல் பூங்கொத்து எட்டிப் பார்த்தது. இந்தத் துளிரில்தான் பூ வரும். பழைய கொம்பில் எத்தனை நாள் காத்திருந்தாலும் வராது.

வெயில் காலத்தில் நோய்த் தொல்லை கம்மி. ஐப்பசி மழையில்தான் வம்பு: இலைமேல் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, திருப்பினால் வெள்ளைப் பூஞ்சை. அடிச்சாம்பல் நோய். இதற்குப் பஞ்சகவ்யம் போதும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 10 கிராம் சுண்ணாம்பு, தனித்தனியாகக் கரைத்துக் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கிறேன். இயற்கை வேளாண்மை விதிகளிலும் கட்டுப்பாட்டோடு இதற்கு இடம் உண்டு. அளவாக, நோயைக் கண்ட உடனே அடித்தால் சரி.

அப்புறம், கருத்துவிட்டதே என்று பறிக்காதீர்கள். கொத்தின் நுனிப் பழத்தைத் தின்று பாருங்கள், அது இனித்தால் எல்லாம் இனிக்கும். பறித்தபின் திராட்சை பழுக்காது.

அணிலுக்குக் கொத்துக்கொத்தாகத் துணிப்பை கட்டிவிடுகிறேன். கொண்டைக்குருவி மட்டும் பையோடு சேர்த்துக் கொத்துகிறது. பந்தல் முழுக்க வலை போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அதில் குருவி மாட்டிக்கொள்ளாமல் எப்படிக் கட்டுகிறீர்கள்?