குறட்டை நடுவில் நின்றுபோகிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என் கணவரின் குறட்டை எனக்குப் பழகிவிட்டது. அது நிற்கும்போதுதான் பயம். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், மூக்கருகே விரல் வைத்தால் காற்றே வராது. அப்புறம் ஓர் உலுக்கலோடு மூச்சு திரும்பும். காலையில் கேட்டால் "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். இதற்குப் பெயர் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு வழி அடைபடும் கோளாறு.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கு வழியே கேமரா விட்டுப் பார்த்தார். பிறகு அந்த வீடியோவைக் காட்டினார். உள்நாக்கு படபடவென்று துடிக்கிறது, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டைச் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான், வழி அடைத்துவிட்டது.

அந்த இடத்தைச் சுற்றித் தாங்க எலும்புக் கூடு இல்லை, தசைகள்தான் திறந்து வைத்திருக்கின்றன. முக்கியமானது கீழ்த்தாடையிலிருந்து நாக்குக்குள் விரியும் ஜீனியோகிளாசஸ். மூச்சை இழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சலில் வழி ஒடுங்காதபடி அது நாக்கை முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு வழியே குறுகல் என்பதால், விழித்திருக்கும்போது அந்தத் தசை மற்றவர்களைவிட அதிகமாகவே உழைக்கிறதாம். தூங்கியதும் அந்தக் கூடுதல் உழைப்பு போய்விடுகிறது. ஆக்சிஜன் குறைந்து, கரியமில வாயு கூடி, மூளை அரைகுறையாக விழித்ததும் தசை மறுபடி இறுகுகிறது. இப்படியே விடிய விடிய.

*

எங்கள் வீட்டில் குறட்டை விடுவதே நான்தான். எனக்கு விடியற்காலைதான் மோசம் என்று தூக்கச் சோதனையில் தெரிந்தது. கனவுத் தூக்கம் அப்போதுதான் அதிகம், அதில் தசைகள் இன்னும் தளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் கேட்கவே வேண்டாம். மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் தீவிரம், நான் அந்த ரகம். முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் கருவியை மாட்டிக்கொள்கிறேன். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சலிவன் வெளியிட்ட முறை. தசை விட்ட வேலையைக் காற்றழுத்தம் செய்கிறது. தசையை அது குணப்படுத்துவதில்லை, மாட்டாத இரவில் பழைய கதைதான்.

*

என் அண்ணன் தண்ணி போட்ட இரவுகளில் மூச்சு நிற்பது நீண்டுகொண்டே போகும். மது அந்தத் தசையை மேலும் தளர்த்துமாம். சில தூக்க மாத்திரைகளும் ஆகாதாம், மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

இன்னொன்று. 2006இல் சுவிட்சர்லாந்தில் இந்தக் கோளாறு உள்ள 25 பேரில் 14 பேரை டிஜெரிடூ என்ற ஊதுகுழலை நான்கு மாதம் பழகவைத்தார்கள். மூச்சுத் தடையும் பகல் தூக்கமும் குறைந்தனவாம். சின்ன ஆய்வுதான், அதை நம்பிச் சிபாப்பை விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு நாதஸ்வரக்காரர் இருக்கிறார். அவர் குறட்டை விடுவாரா என்று அவர் மனைவியைத்தான் கேட்கவேண்டும்.